பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்க என்ன படித்திருக்க வேண்டும்? ‘கல்வித் தகுதி’ கட்டத்தைச் சிக்கல் இல்லாமல் நிரப்ப ஒரு வழிகாட்டி

2019 கடைசியில் என் மதினி செல்லம்பட்டி ஒன்றியத்தில் ஊராட்சித் தலைவர் பதவிக்கு மனு போட்டார். பேப்பர் வேலை முழுக்க என் தலையில் விழுந்தது. மதினி படித்தது எட்டாவது வரைதான். “பத்தாவது பாஸ் ஆகலைன்னா மனுவைத் தள்ளிருவாங்க” என்று ஊரில் ஒருவர் கிளப்பிவிட, வீடே இடிந்து உட்கார்ந்துவிட்டது. மனு எழுதித் தருகிற ஆள் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், “பிளஸ் டூன்னு போட்டுருவோம்மா, யாரு பார்க்கப் போறா?” என்றார். கேட்கிற இடத்திலெல்லாம் ஒரு பதில். நாள்கள் ஓடியதுதான் மிச்சம்.

அப்போது அலைந்து தெரிந்துகொண்டதையும், பிறகு சட்டமன்றத் தேர்தலில் நின்ற ஒரு நண்பருக்கு உதவியபோது தெரிந்துகொண்டதையும் வரிசையாக எழுதுகிறேன். ஊராட்சி வார்டுக்கு நிற்கிறீர்களோ, மதுரை மாநகராட்சி வார்டுக்கு நிற்கிறீர்களோ, படிப்பு விஷயம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

1. முதலில் பயத்தை விடுங்கள்

தமிழ்நாட்டில் ஊராட்சி வார்டு உறுப்பினர் முதல் மாவட்ட ஊராட்சி உறுப்பினர் வரை, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி கவுன்சிலர் வரை எந்தப் பதவிக்கும் குறைந்தபட்சக் கல்வித் தகுதி கிடையாது. எம்.எல்.ஏ., எம்.பி. பதவிகளுக்கும் கிடையாது. எம்.பி.க்கான தகுதியைச் சொல்வது அரசியல் சட்டத்தின் 84ஆவது பிரிவு, எம்.எல்.ஏ.வுக்கு 173ஆவது பிரிவு. இரண்டிலும் குடியுரிமை உண்டு, வயது உண்டு, உறுதிமொழி உண்டு, படிப்பு இல்லை.

அப்படியானால் அந்த ‘பத்தாவது பாஸ்’ வதந்தி எங்கிருந்து வந்தது? ஹரியானாவிலிருந்து. அங்கே பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கப் பொதுப் பிரிவு ஆண்களுக்குப் பத்தாம் வகுப்பு, பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் எட்டாம் வகுப்பு என்று சட்டம் கொண்டுவந்தார்கள். வார்டு உறுப்பினருக்கு நிற்கும் பட்டியல் சாதிப் பெண்களுக்கு மட்டும் ஐந்தாம் வகுப்பு. உச்ச நீதிமன்றமும் 2015 டிசம்பரில் அது செல்லும் என்றது. ராஜஸ்தானிலும் இப்படி ஒன்று வந்தது. 2019இல் அதை நீக்கிவிட்டார்கள். உள்ளாட்சிக்குத் தகுதி வகுக்கும் அதிகாரம் மாநிலச் சட்டமன்றத்துக்கு இருப்பதால் மாநிலத்துக்கு மாநிலம் இது மாறும். வாட்ஸ்அப்பில் வரும் செய்தியில் மாநிலத்தின் பெயர் மட்டும் எப்படியோ காணாமல் போய்விடுகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேட்க வேடிக்கையாக இருக்கும். தமிழ்நாட்டில் சட்ட மேலவை இருந்த காலத்தில் பட்டதாரிகள் மட்டும் வாக்களிக்கும் தொகுதி இருந்தது. அதில் நிற்பவர் பட்டதாரியாக இருக்க வேண்டுமா என்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1972இல் ‘வேண்டியதில்லை’ என்று தீர்ப்பு வந்தது.

2. உண்மையில் என்ன தகுதி வேண்டும்

வயது: உள்ளாட்சிக்கு 21 முடிந்திருக்க வேண்டும். சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் 25, மாநிலங்களவைக்கு 30.

வாக்காளர் பட்டியல்: ஊராட்சியில் நிற்க அதே ஊராட்சியின் பட்டியலில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். வேலைக்காகத் திருப்பூருக்கோ சென்னைக்கோ போய் ஓட்டை அங்கே மாற்றிக்கொண்டவர்கள் கடைசி நேரத்தில் மாட்டிக்கொள்வது இங்கேதான். வார்டு உறுப்பினருக்கு நிற்பவரை முன்மொழிபவர் அந்த வார்டிலேயே ஓட்டு உள்ளவராக இருக்க வேண்டும். பக்கத்துத் தெரு மாமா ஆசையாகக் கையெழுத்துப் போட வருவார். அந்தத் தெரு வேறு வார்டில் இருந்தால் மனு போச்சு.

பாக்கி: ஊராட்சிக்குக் கட்ட வேண்டிய வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம் எல்லாவற்றையும் கட்டி ரசீதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நோட்டீஸ் வந்து, கெடுவும் முடிந்து பாக்கி நிற்குமானால் அது தகுதியிழப்பு. எதிராளி முதலில் தோண்டுவதும் இதைத்தான். ஊராட்சியில் நடப்பில் உள்ள ஒப்பந்த வேலை எடுத்திருந்தாலும், அரசு வேலையில் இருந்தாலும் நிற்க முடியாது.

3. சான்றிதழ்களைத் தேடி எடுங்கள்

‘படிப்பே தகுதி இல்லையே, பிறகு எதற்குச் சான்றிதழ்?’ என்று கேட்பீர்கள். மனுவோடு மார்க் ஷீட்டையோ டிகிரியையோ இணைக்கச் சொல்லி எந்த விதியும் இல்லை. ஆனால் மனுவோடு தரும் உறுதிமொழிப் பத்திரத்தில் படிப்பின் முழுப் பெயர், பள்ளி அல்லது கல்லூரியின் பெயர், முடித்த ஆண்டு மூன்றையும் எழுத வேண்டும். ஞாபகத்தை நம்பி எழுதினால் ஆண்டு கண்டிப்பாகத் தப்பும். அதனால் சான்றிதழைப் பார்த்து எழுதுங்கள், போதும். வயதில் யாராவது சந்தேகம் கிளப்பினாலும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டோ பள்ளி மாற்றுச் சான்றிதழோ கைகொடுக்கும்.

சான்றிதழ் தொலைந்திருந்தால் டூப்ளிகேட் வரும் வரை காத்திருக்காதீர்கள். அது மாதக்கணக்கில் இழுக்கும், மனுவுக்கு அது தேவையும் இல்லை. படித்த பள்ளிக்கு நேராகப் போய்த் தலைமை ஆசிரியரிடம் விஷயத்தைச் சொல்லி, சேர்க்கைப் பதிவேட்டில் ஆண்டையும் கடைசியாகப் படித்த வகுப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். மதினிக்கு அப்படித்தான் செய்தோம். நீளமான பழைய பதிவேடு, ஓரமெல்லாம் அரித்துப் போயிருந்தது. ‘எட்டாம் வகுப்பு தேர்ச்சி, நின்றுவிட்டார்’ என்று சிவப்பு மையில் ஒரு வரி. பெயருக்கு முன்னால் அப்பா இனிஷியல். இந்த இனிஷியல் விவகாரம் கீழே வருகிறது.

சமீப ஆண்டுகளில் படித்தவர்கள் டிஜிலாக்கரில் பார்த்துக்கொள்ளலாம். தொலைந்த சான்றிதழுக்குக் காவல்துறை இணையதளத்திலேயே தொலைந்த ஆவண அறிக்கை பதிய வழி இருக்கிறது. அதைப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும். காமராசர் பல்கலைக்கழகத்தில் அஞ்சல்வழியில் படித்தவர்கள் புரொவிஷனலோ கன்சாலிடேட்டட் மார்க் ஷீட்டோ வீட்டில் இருக்கிறதா என்று முதலில் பெட்டியைக் கிளறுங்கள். தேர்தல் அறிவித்த பிறகு தேனி ரோட்டில் நாகமலை தாண்டிப் பல்கலைக்கழகத்துக்கு நடக்க நேரம் இருக்காது.

4. ‘கல்வித் தகுதி’ கட்டம்: இங்கேதான் நிதானம் வேண்டும்

சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தலில் இது படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரத்தில் வரும். உள்ளாட்சித் தேர்தலில் மாநிலத் தேர்தல் ஆணையம் தரும் உறுதிமொழிப் படிவத்தில் வரும். வேட்பாளரின் படிப்பைத் தெரிந்துகொள்வது வாக்காளரின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2002இலும் 2003இலும் சொன்னதால் வந்த கட்டம் இது. படித்திருக்க வேண்டும் என்று அது கேட்கவில்லை. படித்ததை உள்ளபடி சொல் என்கிறது. எல்லாச் சிக்கலும் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வருவதுதான்.

முடித்ததை மட்டும் எழுதுங்கள். படிவம் கேட்பது முடித்த ஆண்டை. பி.ஏ. மூன்று வருடம் படித்து, இரண்டு பேப்பர் அரியர் நிற்கிறதா? உங்கள் உயர்ந்தபட்சக் கல்வி பிளஸ் டூ. பி.ஏ.வைக் குறிப்பிட்டே ஆக வேண்டும் என்று மனசு கேட்காவிட்டால் பிளஸ் டூவை எழுதி, கீழே ‘பி.ஏ. வரலாறு, இன்ன கல்லூரி, நிறைவு செய்யவில்லை’ என்று தெளிவாகப் போடுங்கள். வெறுமனே ‘பி.ஏ.’ என்று எழுதிவிட்டு, கேட்டால் ‘படிச்சேன்னுதான சொன்னேன்’ என்று சமாளிப்பது நடக்காது. நம் ஊரில் கல்யாணப் பத்திரிகையில் ‘பி.ஏ.,’ என்று கமா போட்டு விடுகிற பழக்கம் இருக்கிறதே, அதை இங்கே கொண்டுவராதீர்கள்.

பத்தாவதில் ஃபெயில் என்றால் ‘ஒன்பதாம் வகுப்பு தேர்ச்சி, பத்தாம் வகுப்பு தேர்ச்சி பெறவில்லை’. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பழைய படிப்புகளைப் பழைய பெயரிலேயே எழுதுங்கள். 1978க்கு முன் நம் மாநிலத்தில் எஸ்.எஸ்.எல்.சி. என்றால் பதினோராம் வகுப்பு. அதை முடித்த பின் கல்லூரியில் ஒரு வருடம் படித்தது பி.யு.சி. அறுபது தாண்டிய பெரியவர்களுக்கு மனு எழுதுகிற இளவட்டங்கள் ‘எஸ்.எஸ்.எல்.சி.’ என்றதும் பத்தாம் வகுப்பு என்று போட்டுவிடுகிறார்கள், பி.யு.சி.யைப் பிளஸ் டூ ஆக்கிவிடுகிறார்கள். ‘எஸ்.எஸ்.எல்.சி. (பழைய பதினோராம் வகுப்பு)’ என்று எழுதினால் கேள்வியே வராது. தனித்தேர்வராக எட்டாம் வகுப்பு எழுதியவர்கள் ‘இ.எஸ்.எல்.சி.’ என்றே எழுதலாம்.

ஐ.டி.ஐ., டிப்ளமோ, தட்டச்சு எல்லாம் வேறு வேறு. ஐ.டி.ஐ. முடித்தவர் ‘டிப்ளமோ’ என்று எழுதக் கூடாது. அஞ்சல்வழியில் முடித்த டிகிரியை ஒளிக்கவும் வேண்டாம். பல்கலைக்கழகத்தின் பெயரோடு ‘தொலைநிலைக் கல்வி’ என்று சேர்த்துவிடுங்கள்.

பள்ளிக்கே போகாதவர் என்ன எழுதுவது? ‘பள்ளிக் கல்வி இல்லை’ என்று எழுதுங்கள். கட்டத்தை மட்டும் காலியாக விடாதீர்கள், ஒரு கோடும் இழுத்துவிடாதீர்கள். காலியாக விட்ட கட்டங்களைப் பற்றி 2013இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: தேர்தல் நடத்தும் அலுவலர் நிரப்பச் சொல்லி, அதற்குப் பிறகும் நிரப்பாவிட்டால் மனுவைத் தள்ளலாம். ‘இல்லை’, ‘பொருந்தாது’, ‘தெரியாது’ மூன்றில் எது சரியோ அதை எழுத்தில் எழுத வேண்டும். குறைந்த படிப்பால் மனு தள்ளுபடி ஆகாது. காலிக் கட்டத்தால் ஆகும்.

எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். படிவம் 26இல் படிப்பு இரண்டு இடத்தில் வரும்: உள்ளே விரிவாக ஒரு முறை, கடைசிச் சுருக்கப் பகுதியில் மறுபடி ஒரு முறை. முதலிடத்தில் பிளஸ் டூ, சுருக்கத்தில் பட்டப்படிப்பு என்று வந்தால் பரிசீலனை அன்று எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கொண்டாட்டம். முன்பே ஒரு தேர்தலில் நின்றவராக இருந்தால் அந்தப் பத்திரத்தையும் எடுத்துப் பார்த்துவிடுங்கள். தேர்தல் ஆணைய இணையதளத்தில் பத்திரங்கள் கிடக்கின்றன; நீங்கள் பார்க்காவிட்டாலும் மற்றவர் பார்ப்பார்.

‘எழுதியவர் செய்த பிழை’ என்ற சாக்கு எவ்வளவு தூரம் எடுபடும் என்பதற்கு மணிப்பூரில் ஓர் உதாரணம் இருக்கிறது. மொய்ராங் தொகுதியில் 2012இல் ஜெயித்தவர் பத்திரத்தில் எம்.பி.ஏ. என்று இருந்தது, அந்தப் பட்டம் அவரிடம் இல்லை. எழுத்தர் பிழை என்று வாதாடினார். உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. 2016இல் அவர் தேர்தல் செல்லாது என்பது உறுதியானது. அவர் எம்.பி.ஏ. படித்திருக்க வேண்டும் என்று யாருமே கேட்கவில்லை என்பதுதான் இதில் கொடுமை.

சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தலில் பொய்த் தகவல் தந்தால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 125ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். முடிவு அறிவித்த 45 நாளுக்குள் தேர்தல் வழக்கும் போடலாம். ஊராட்சித் தேர்தல் என்றாலும் சத்தியம் செய்து கொடுக்கும் பத்திரம் பத்திரம்தான்.

‘காமராசர் என்ன படிச்சாரு?’ என்ற வசனத்தை எங்கள் பக்கம் எல்லோரும் சொல்வார்கள். மேடைக்கு அது நல்லது. கட்டத்துக்குள் உங்கள் படிப்பைத்தான் எழுத வேண்டும்.

5. பெயரும் இனிஷியலும்

பெண் வேட்பாளர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். பள்ளிச் சான்றிதழில் அப்பா இனிஷியல், வாக்காளர் பட்டியலில் கணவர் இனிஷியல், சாதிச் சான்றிதழில் மறுபடி அப்பா. வேட்புமனுவில் வாக்காளர் பட்டியலில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள். பள்ளிச் சான்றிதழில் வேறு இனிஷியல் இருப்பது பெரிய தலைவலி இல்லை, அதை யாரும் கேட்டு வாங்குவதில்லை. சாதிச் சான்றிதழ்தான் தலைவலி. பட்டியல் சாதிக்கோ பழங்குடிக்கோ ஒதுக்கிய இடத்தில் நின்றாலும், பொது இடத்தில் நின்று பாதி டெபாசிட் கட்டினாலும் அது வேண்டும். இரண்டு பெயரும் ஒருவரே என்று ஓர் உறுதிமொழி எழுதி, தேர்தல் அறிவிப்பு வருவதற்கு முன்பே தயாராக வைத்திருங்கள். சாதிச் சான்றிதழ் இல்லாதவர்கள் இ-சேவையில் இப்போதே விண்ணப்பியுங்கள். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று அது நகர்ந்து வர நாளாகும்; தேர்தல் நேரத்தில் அவர்கள் அத்தனை பேரும் தேர்தல் வேலையில் இருப்பார்கள்.

6. நோட்டரி

மனுப் படிவங்கள் ஒன்றிய அலுவலகத்தில் இலவசமாகவே கிடைக்கும், தமிழில்தான் இருக்கும். வெளியே காசு கொடுத்து வாங்காதீர்கள். உறுதிமொழியை எத்தனை ரூபாய் முத்திரைத்தாளில் தர வேண்டும் என்பதை அலுவலகத்தில் கேட்ட பிறகே தாள் வாங்குங்கள். போன தேர்தல் கணக்கை நம்ப வேண்டாம். நோட்டரி மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தைச் சுற்றி நிறையப் பேர் இருக்கிறார்கள்; மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி நீதிமன்றங்களிலும் கிடைப்பார்கள். கட்டணம் ஆளுக்கு ஆள் மாறும், மனுத் தாக்கல் வாரத்தில் ஏறும். முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

கையெழுத்தை நோட்டரி முன்னால்தான் போட வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை. அடித்துத் திருத்திய இடம் இருந்தால் அதன் பக்கத்திலும் கையெழுத்து. நான் பார்த்த வரையில் கல்விக் கட்டத்தில்தான் அடித்தல் அதிகம், அதுவும் ஆண்டில். ஒரு நகலில் பென்சிலால் எழுதிச் சரிபார்த்துவிட்டு, அப்புறம் அசலில் எழுதுங்கள்.

படிக்கத் தெரியாத வேட்பாளருக்கு முழுப் பத்திரத்தையும் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கைநாட்டு வாங்க வேண்டும். சட்டமன்றத் தேர்தலில் முன்மொழிபவர் கைநாட்டு வைப்பவராக இருந்தால், அதைத் தேர்தல் நடத்தும் அலுவலர் முன்போ அவர் அதிகாரம் கொடுத்தவர் முன்போதான் வைக்க வேண்டும். வீட்டிலிருந்து உருட்டி எடுத்துக்கொண்டு போனால் செல்லாது. அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு முன்மொழிபவர் ஒருவர் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர். அந்தப் பத்துப் பேரும் அந்தத் தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும்.

7. எவ்வளவு செலவாகும்

2019 ஊரகத் தேர்தலில் டெபாசிட் இப்படி: ஊராட்சி வார்டு உறுப்பினர் 200 ரூபாய், ஊராட்சித் தலைவர் 600, ஒன்றிய வார்டு 600, மாவட்ட ஊராட்சி வார்டு 1,000. 2022 நகர்ப்புறத் தேர்தலில் பேரூராட்சிக்கு 1,000, நகராட்சிக்கு 2,000, மாநகராட்சிக்கு 4,000. எல்லாவற்றிலும் ஆதிதிராவிடருக்கும் பழங்குடியினருக்கும் பாதி. பெண்களுக்குப் பாதி என்று பலர் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். அப்படி எதுவும் இல்லை. சட்டமன்றத்துக்கு 10,000, மக்களவைக்கு 25,000, அங்கேயும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்குப் பாதி. பதிவான செல்லத்தக்க வாக்கில் ஆறில் ஒரு பங்கு வாங்காவிட்டால் அந்தப் பணம் திரும்பாது.

செலவு உச்சவரம்பு 2019இல் ஊராட்சி வார்டுக்கு 9,000, தலைவருக்கு 34,000, ஒன்றிய வார்டுக்கு 85,000, மாவட்ட வார்டுக்கு 1,70,000 ரூபாய். அடுத்த தேர்தல் அறிவிப்பில் தொகைகளை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். ‘படிப்புச் சான்று வெரிஃபிகேஷன்’ என்று சொல்லி யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். அப்படி ஒரு வேலையே இதில் கிடையாது.

8. நாள் கணக்கு

தேதிகளைப் பார்த்தாலே எவ்வளவு இறுக்கம் என்று புரியும். 2019இல் மனுத் தாக்கல் டிசம்பர் 9 முதல் 16 வரை, பரிசீலனை 17, வாபஸ் 19, வாக்குப்பதிவு 27, 30. 2022இல் ஜனவரி 28 முதல் பிப்ரவரி 4 வரை, பரிசீலனை மறுநாளே. ஒரு வாரம்தான், அதிலும் ஞாயிறு போய்விடும். கடைசி நாளுக்கு முந்தின நாளாவது மனுவைக் கொடுத்துவிடுங்கள். குறை இருந்தால் சொல்வார்கள், திருத்தி இன்னொரு மனு போட அவகாசம் இருக்கும். சட்டமன்றத் தேர்தலில் மனு வாங்கும் நேரம் காலை 11 முதல் மாலை 3 வரை மட்டுமே; உள்ளாட்சிக்கான நேரம் அறிவிப்பில் இருக்கும். எந்தப் பதவிக்கு எந்த அலுவலகம் என்பதையும் அதிலேயே பாருங்கள். செல்லம்பட்டிக்குப் போக வேண்டியவர் உசிலம்பட்டி யூனியன் ஆபீஸ் வரிசையில் நின்ற கதையெல்லாம் உண்டு.

மனுவைக் கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டும் டெபாசிட் ரசீதும் வாங்காமல் நகராதீர்கள். கொடுத்த பத்திரம் முழுவதையும் முன்கூட்டியே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். பரிசீலனை அன்று வேட்பாளரோ விவரம் தெரிந்த ஒருவரோ கட்டாயம் அங்கே இருக்க வேண்டும். “இவங்க எட்டாவதுதான் படிச்சிருக்காங்க” என்று ஒருவர் எழுந்தார் எங்கள் பரிசீலனையில். அலுவலர் தலையைக்கூட நிமிர்த்தாமல், “அதுக்கு என்ன இப்போ? அடுத்து” என்றார். பத்திரத்தில் பிளஸ் டூ என்று இருந்திருந்தால் அந்த ஆள் வேறு மாதிரி எழுந்திருப்பார்.

9. முடிவு வந்த பிறகு

ஜெயித்தாலும் தோற்றாலும் முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கைக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் மூன்று வருடம் தேர்தலில் நிற்க முடியாதபடி தகுதியிழப்பு செய்யலாம். தோற்றவர்கள்தான் இதில் அதிகம் கோட்டைவிடுகிறார்கள். தோற்ற கையோடு யாருக்கு பில்லை ஒட்டிக்கொண்டு உட்காரத் தோன்றும்? போஸ்டர், ஆட்டோ, மைக் செட், டீச்செலவு எல்லாவற்றுக்கும் அன்றன்றைக்கே ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி, ரசீதை அந்தப் பக்கத்திலேயே பின் அடித்துவிடுங்கள். கணக்கைக் கொடுத்ததற்கும் ஒப்புகை வாங்கி, படிப்புச் சான்றிதழ், உறுதிமொழி நகல், டெபாசிட் ரசீதோடு ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள். அடுத்த முறை நிற்கும்போது முதலில் தேடப்போவது அந்த ஃபைலைத்தான்.